பனையேறிப் பிழைக்கலாமா? மரத்தைப் பார்க்கும் முன் அடுப்பைப் பாருங்கள்

சென்னையில் வேலை பார்க்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊர் திருச்செந்தூர் பக்கம், தாத்தா விட்டுப்போன தோட்டத்தில் நாற்பது பனை நிற்கிறது, இருபது வருடமாக யாரும் ஏறவில்லை. பனையேறக் கற்றுக்கொண்டு அதை வைத்தே ஊரில் பிழைக்க முடியுமா, கள்ளுக்கும் பதநீருக்கும் உண்மையில் என்னதான் வித்தியாசம், கள்ளுக்குத் தடை நீங்கினால் பனையேறிக்கு விடிவு வருமா, இதுதான் கேள்வி. கடைசியில் பாளை அரிவாள் எங்கே கிடைக்கும் என்றும் ஒரு வரி.

தம்பி, பிழைக்கலாம். ஆனால் முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவே இல்லை: இறக்கிய பதநீரை யார் கருப்பட்டியாகக் காய்ச்சப்போகிறார்கள்? இதைக் கேட்காமல் பனையில் கால் வைத்த இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும், எல்லோரும் சித்திரை முடிவதற்குள் சென்னைக்கே பஸ் ஏறிவிட்டார்கள். என் அப்பா முப்பது வருடத்துக்கு மேல் பனையேறினார், சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் நடுவில் தேரிக்காட்டு ஓரம். நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் பதநீர் சுமந்தவன், மூன்று பருவம் நானே ஏறியும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் கள்ளும் பதநீரும். பனையின் பூக்குலைதான் பாளை, அதன் நுனியைச் சீவினால் சாறு சொட்டும். இரண்டும் ஒரே பாளையில் ஒரே சொட்டாக விழுவதுதான். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர், தடவாவிட்டால் கள். அவ்வளவே. பாளையிலிருந்து சொட்டும்போது அது வெறும் இனிப்புத் தண்ணீர், பத்துக்குப் பத்து சர்க்கரையும் தண்ணீரும் என்று நினைக்காதீர்கள், நூற்றில் பத்துப் பன்னிரண்டு பங்குதான் சர்க்கரை. காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் அதில் இறங்கிய நிமிடத்திலிருந்து வேலையைத் தொடங்கிவிடும். ராத்திரி முழுக்கச் சொட்டியது விடியும்போதே லேசாக நுரைத்து நிற்கும், மதியத்துக்குள் நன்றாக ஏறிவிடும், மறுநாள் விட்டால் புளித்துக் காடிதான். கள்ளில் போதை பெரும்பாலும் நூற்றுக்கு நாலிலிருந்து ஆறு பங்கு, கிட்டத்தட்ட பீர் அளவு. சுண்ணாம்பு அந்த ஈஸ்ட்டைத் தலைதூக்க விடாது. எங்கள் பக்கம் கடற்சிப்பி சுட்ட சுண்ணாம்புதான் போடுவார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் இந்தச் சுண்ணாம்பு அளவில்தான் பாதித் தொழில் இருக்கிறது. அதிகம் தடவினால் கருப்பட்டி நாக்கில் கரகரக்கும், வெள்ளையாகப் பூத்தும் காட்டிக்கொடுக்கும். குறைந்துவிட்டால் பதநீர் லேசாகப் புளிக்கும், குடித்தால்கூடத் தெரியாது, ஆனால் அடுப்பில் ஏற்றி மூன்று மணி நேரம் விறகை எரித்த பிறகு பாகு இறுகாமல் கையில் இழுத்துக்கொண்டே நிற்கும். புளிக்கத் தொடங்கியதும் சர்க்கரை உடைந்துபோகிறது, உடைந்த சர்க்கரை கட்டியாகாது, காரணம் அதுதான். என் அம்மாவுக்கு ரசாயனம் தெரியாது. கலயத்து வாயை முகர்ந்து பார்த்தே இன்றைக்கு எந்த மரத்தில் அப்பா சுண்ணாம்பைக் குறைத்தார் என்று சொல்லிவிடுவாள், அன்றைக்கு வீட்டில் சண்டைதான்.

பெயரும் ஊருக்கு ஊர் மாறும். எங்கள் பக்கம் பதனி, கன்னியாகுமரிக்குப் போனால் அக்கானி, யாழ்ப்பாணத்தில் கருப்பநீர். நகரத்துக் கடையில் பச்சைப் பாட்டிலில் விற்பது எல்லாம் எது என்று எனக்கே சில சமயம் புரிவதில்லை.

அடுத்து, ஏறுவது. ஆளைக் கொல்கிற வேலை என்பது உண்மை, கற்க முடியாத வேலை என்பது பொய். உடம்பு வணங்கினால் ஒரு பருவத்தில் ஏற வந்துவிடும். அடிமரத்தில் முருக்குத்தடியைச் சாய்த்து முதல் ஆள் உயரத்தைத் தாண்டி, பிறகு இரண்டு பாதத்தையும் தளைநாரில் கோத்து, மரத்தை மாரோடு அணைத்து உந்தி உந்தி மேலே போக வேண்டும். முதல் மாதம் நெஞ்சும் உள்ளங்காலும் முழங்கையும் தோல் உரிந்து எரியும், குளிக்கவே பயமாக இருக்கும். பிறகு காய்த்துப்போகும். என் அப்பாவின் நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு மரப்பட்டை மாதிரி ஒரு இடம் இருந்தது, சின்ன வயதில் அதைத் தட்டி விளையாடுவேன்.

கஷ்டம் ஒரு மரம் ஏறுவதில் இல்லை. ஐம்பது அடி மரம் என்று வையுங்கள், நாற்பது மரம், காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. நாலாயிரம் அடி. தினமும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் செங்குத்தாக ஏறி, அவ்வளவும் இறங்கவும் வேண்டும். அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று கிடையாது, தையில் தொடங்கி ஆடி வரைக்கும் நாள் தவறாமல். இரண்டு நாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்து வாய் அடைத்துக்கொள்ளும், பிறகு அந்தப் பாளை அந்த வருடத்துக்கு அவ்வளவுதான். காய்ச்சல் என்றாலும், வீட்டில் சாவு விழுந்தாலும், யாராவது ஒருவர் ஏறித்தான் ஆக வேண்டும். அக்கா கல்யாணத்தன்று அப்பா முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால்தான் பந்தலுக்கு வந்தார், காதோரம் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

மேலே போனபின் செய்கிற வேலையை யாரும் படம் எடுப்பதில்லை, எடுப்பதெல்லாம் ஏறுவதைத்தான். பருவம் தொடங்கும் முன்னாலேயே மரத்தை ஒதுக்கிச் சுத்தம் செய்ய வேண்டும், காய்ந்த மட்டை, மட்டையின் அடியில் வலை மாதிரி இருக்கிற பன்னாடை எல்லாம் கழித்து, உள்ளே கதண்டுக் குளவி கூடு கட்டியிருக்கிறதா, பாம்பு சுருண்டிருக்கிறதா என்று பார்த்து. கருக்கு மட்டையின் விளிம்பு ரம்பம் மாதிரி இருக்கும், கவனம். பாளை வெளியே வந்ததும் கடிப்பு என்கிற மர இடுக்கியால் அதை அழுத்தி அழுத்தி விட வேண்டும், பல நாள். ஆண்பனைக்கு ஒரு கடிப்பு, பெண்பனைக்கு வேறு, ஏனென்றால் பெண்பாளையில் குரும்பை, அதாவது பிஞ்சு இருக்கும், முரட்டுத்தனமாக அழுத்தினால் வெடித்துவிடும். பிறகு நுனியைச் சீவ வேண்டும். இங்கேதான் கை தெரியும். அரிவாளை மரப்பலகையில் வெள்ளைக்கல் பொடி தூவித் தீட்டி, வெங்காயத்தோல் கனத்துக்கு ஒரு சீவல், அவ்வளவுதான் எடுக்க வேண்டும். அரை விரல் கனத்துக்குச் சீவுகிறவன் இரண்டு மாதத்தில் பாளையைத் தீர்த்துவிட்டு மரம் சரியில்லை என்பான். இன்னொன்று, பெண்பனையில் பாளை சீவினால் அந்தப் பாளையில் நுங்கு கிடையாது. நுங்கா பதநீரா என்று மரத்துக்கு மரம் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

(பன்னாடை என்றதும் ஞாபகம் வருகிறது. அதில்தான் பதநீரை வடிகட்டுவோம். நல்லதைக் கீழே விட்டுவிட்டுக் குப்பையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும், அதனால்தான் ஆளைத் திட்டும்போது அந்த வார்த்தை.)

சரி, அடுப்புக்கு வருவோம்.

எங்கள் பக்கம் காட்டுக்குள்ளேயே ஓலையால் விடிலி என்கிற ஒரு குடிசை போட்டு அதில்தான் காய்ச்சுவார்கள். காலை ஏழு மணிக்குப் பதநீர் வந்து சேரும், வந்த உடனே ஏற்ற வேண்டும், வைத்திருக்க முடியாது. பொங்கி வழியாமல் இருக்க இரண்டு ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவாள் அம்மா, பொங்கிய நுரை அப்படியே படிந்துவிடும். காய்ந்த ஓலை, மட்டை, உடைமுள் விறகு, எது கிடைக்கிறதோ அது. பதநீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்து, பிறகு கறுத்து, பெரிய பெரிய குமிழி போய் சின்னச் சின்னக் குமிழியாகும்போது அவளுடைய நடையே மாறும். கொட்டாங்கச்சியில் குளிர்ந்த தண்ணீர் வைத்திருப்பாள், அதில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். உருண்டால் இறக்கு. ஒரு நிமிடம் முந்தினால் இளகல், ஒரு நிமிடம் பிந்தினால் கருகல், கசப்பு. இறக்கித் துடுப்பால் கிண்டி, மணலில் வரிசையாகப் பதித்த சிரட்டையில் ஊற்றுவாள். அதற்குள் மணி பன்னிரண்டு, ஒன்று ஆகியிருக்கும். சித்திரை வெயில், மேலே ஓலைக்கூரை, முன்னால் தீ. அப்பா மரத்தில் காற்றாட நிற்பார், அதுவாவது உண்டு. விழுந்து செத்த பனையேறிகளை ஊர் நினைவு வைத்திருக்கிறது, விடிலிப் புகையில் கண் போன பெண்களைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அம்மாவுக்கு ஐம்பது வயதிலேயே ஊசியில் நூல் கோக்க முடியாமல் போய்விட்டது.

இப்போது கணக்கு. உங்கள் நாற்பதில் முப்பது மரம் தேறினால் பெரிது, இருபது வருடம் ஏறாத மரம். மரத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் என்று சராசரி போடுங்கள், அறுபது லிட்டர். ஒன்பது பத்து லிட்டருக்கு ஒரு கிலோ கருப்பட்டி, அப்படியென்றால் ஆறு, ஆறரை கிலோ. கிலோ 300 ரூபாய் என்று வைத்தால் 1,800, 1,950 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறதா? அது இரண்டு ஆளின் முழு நாள் கூலி, விறகும் சுண்ணாம்பும் கலயமும் போக. அந்த அளவு வருவதும் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதம்தான், முன்னும் பின்னும் பாதிகூட வராது. பருவம் முடிந்தால் மீதி மாதங்களுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். மரம் சொந்தம் என்பதால் உங்களுக்குக் குத்தகை மிச்சம், அது பெரிய விஷயம். கன்னியாகுமரிப் பக்கம் சில இடங்களில் ஒருநாள் பதநீர் ஏறுகிறவனுக்கு, மறுநாள் பதநீர் மரத்துக்காரனுக்கு என்று முறை இருந்தது, பாதி உழைப்பு அப்படியே போய்விடும்.

விலை ஏன் ஏறவில்லை என்று கேட்பீர்கள். சீனிதான் காரணம். சீனியைக் கரைத்து, கொஞ்சம் பழைய கருப்பட்டியைச் சேர்த்துக் காய்ச்சினால் பார்வைக்குக் கருப்பட்டியேதான், பாதி விலைக்கு விற்றாலும் லாபம். உடன்குடி கருப்பட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்லதுதான், ஆனால் குறியீடு ஒட்டிய பெட்டிக்குள் எது இருக்கிறது என்று பார்க்க ஆள் வேண்டுமே. எங்கள் வீட்டில் பார்க்கிற வழி ஒன்று உண்டு: அசல் கருப்பட்டி ஐப்பசி மழைக்கு இளகி வியர்க்கும், அதனால்தான் அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில் புகை படுகிற மாதிரி வைத்தார்கள். அடைமழையிலும் கல் மாதிரி நிற்கிற கருப்பட்டியை நான் வாங்க மாட்டேன்.

இனி கள். தடையின் கதையைப் பலர் 1987லிருந்து தொடங்குகிறார்கள், அதற்கு முன்னாலேயே நீளமாக ஓடுகிறது. 1937ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார், 1948ல் மாகாணம் முழுவதும் வந்தது. அந்தக் காலத்தில்தான் கள் இறக்கியவர்களைப் பனைவெல்லத்துக்குத் திருப்ப வேண்டும் என்று குமரப்பா போன்ற காந்தியவாதிகள் கூட்டுறவுச் சங்கம் அமைக்கச் சொல்லி அலைந்தார்கள். 1971ல் கருணாநிதி ஆட்சியில் மதுவிலக்கு தளர்ந்தது, இரண்டு மூன்று வருடத்தில் திரும்பவும் மூடினார்கள், 1981ல் எம்ஜிஆர் கள்ளுக்கடையைத் திறந்தார், அவரே 1987 ஜனவரி 1 முதல் கள்ளையும் சாராயத்தையும் நிறுத்தினார். அதற்கப்புறம் கள்ளுக்கடை திறக்கவே இல்லை. 2003ல் சீமைச் சரக்கின் சில்லறை விற்பனையையே டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. மரத்துக்காரன் இறக்கினால் குற்றம், அரசாங்கம் விற்றால் வருமானம் என்று, கள் இறக்க அனுமதி கேட்டுப் போராடுகிற கள் இயக்கத்து நல்லசாமி வருடக்கணக்காகக் கேட்பது இதைத்தான், அதற்கு இதுவரை நேரான பதில் வரவில்லை.

ஆனால் இந்தத் தடையில் எல்லோரும் ஆண்களைப் பற்றியே பேசுகிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கள் இறக்கினால் வேலை மரத்தடியிலேயே முடிகிறது. விறகு இல்லை, விடிலி இல்லை, எட்டு மணிக்குள் விற்றுக் கையில் காசு. அதைத் தடுத்துவிட்டுப் பதநீர் இறக்கலாம் என்று சொன்னபோது, மரம் ஏறுகிற வேலையில் ஒரு அடிகூடக் குறையவில்லை, கீழே ஒரு பெண்ணுக்கு ஆறு மணி நேர வேலை கூடியது, அதற்கு யாரும் கூலி கணக்குப் போடவில்லை. அந்தப் பெண்ணின் மகள் படித்து வேலைக்குப் போன பிறகு காய்ச்ச ஆள் இல்லை. காய்ச்ச ஆள் இல்லாத வீட்டில் புருஷன் மட்டும் ஏறி என்ன பயன்? எங்கள் ஊரில் பனை நின்றது ஏற ஆளில்லாமல் என்பார்கள். என் கணக்கில், அடுப்பில் உட்கார ஆளில்லாமல் நின்ற மரம்தான் அதிகம். பிறகு மரத்தை வெட்டிக்கொண்டு போகச் செங்கல் சூளைக்காரன் லாரியோடு வந்தான். 2021 வேளாண் பட்ஜெட்டில் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள், அதற்குள் எங்கள் தெற்குத் தோட்டத்தில் பாதி போயிருந்தது. தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான் என்பது வழக்கு, வடலி என்கிற இளம்பனை வளர்ந்து பாளை விடப் பதினைந்து வருடம் ஆகும்.

அப்படியானால் கள்ளைத் திறந்துவிட்டால் சரியாகிவிடுமா? எனக்கு அரை மனதுதான். அப்பா சொன்ன 1981க்குப் பிந்திய கதை இது: கடையை ஏலத்தில் எடுத்தவன் வேறு ஆள், அவன் வைத்ததுதான் விலை. பனையேறி அவனுக்குக் கூலி. கடையில் விற்றதில் எவ்வளவு எங்கள் மரத்துக் கள், எவ்வளவு தண்ணீர், அதற்குமேல் என்ன கலந்தது என்பது இறக்கியவனுக்கே தெரியாது. கலப்படம் வெறும் சாக்கு என்று சொல்கிறவர்கள் தெலங்கானாவைப் பார்க்க வேண்டும், அங்கே கள் அனுமதிக்கப்பட்டதுதான், 2025 ஜூலையில் ஐதராபாத் கூக்கட்பள்ளிப் பக்கம் கலப்படக் கள் குடித்து உயிர்கள் போயின. மரத்தடியில் விற்றால் கலப்படத்துக்கு வழி குறைவு, பத்துக் கை மாறிக் கடைக்குப் போனால் அதற்கு யாரும் பொறுப்பில்லை.

கேரளத்தில் கள்ளுத் தொழிலாளிக்கு 1969லேயே சட்டம் போட்டு நலநிதி வைத்தார்கள், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தென்னங்கள் ஒரு முழுத் தொழிலாகவே நடக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது யாழ்ப்பாணத்து வழி. அங்கே இந்த வேலைக்குச் சீவல் தொழில் என்று பேர், கள்ளுக்கடைக்குத் தவறணை. எழுபதுகளில் சீவல் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தவறணையைத் தங்கள் கையில் எடுத்தார்கள். இறக்குகிறவர் காலையில் சங்கத்தில் அளந்து ஊற்றுவார், காசு கணக்கில் ஏறும். மிஞ்சியதைச் சாராயமாக வடிக்கத் திக்கம் என்கிற ஊரில் வடிசாலை வந்தது, 1978ல் பனை அபிவிருத்திச் சபையும் வந்தது. போரில் எல்லாம் அடி வாங்கியது, சங்கங்களுக்குள் சண்டை சச்சரவும் உண்டு, சொர்க்கம் என்று சொல்லவில்லை. ஏலக்காரன் இல்லை என்பதுதான் விஷயம். இங்கே திறந்தாலும் ஏலம் விட்டுத் திறந்தால், பழைய கான்ட்ராக்டரின் பேரன் வந்து உட்காருவான், நீங்கள் அவனுக்கு ஊற்றுவீர்கள்.

இப்போதைய சட்டத்தில் ஒன்றை மறக்காதீர்கள். சுண்ணாம்பு இல்லாத கலயம் மரத்தில் தொங்கினாலே கள் இறக்கியதாகத்தான் பார்ப்பார்கள், குடிப்பது நீங்களே என்றாலும். ஒருமுறை சோதனைக்கு வந்தவர்கள் சுண்ணாம்பு பத்தாது என்று சொல்லி எங்கள் கலயங்களை வரிசையாக உடைத்துவிட்டுப் போனார்கள். பத்துமா பத்தாதா என்று நாக்கில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்குச் சித்திரை வளர்பிறை, நல்ல ஊற்று.

உங்கள் நாற்பது மரத்துக்கு நான் சொல்வது இது. முதல் வருடம் பத்து மரம் போதும், தாழ்ந்த மரமாகப் பாருங்கள், அதில் ஆறு ஏழு ஆண்பனை இருக்கட்டும். பழகிய பனையேறி ஒருவரைப் பருவம் முழுக்கக் கூலிக்கு வையுங்கள், நீங்கள் அவர் பின்னால் ஏறுங்கள். அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், அண்ணாச்சி என்று கூப்பிட்டு மரியாதையாகக் கேளுங்கள், இவர்கள் சொல்லித்தர மாட்டேன் என்று சொல்வதில்லை. பனைமரத் தொழிலாளர் நலவாரியத்தில் முதல் மாதமே பதிவு செய்துவிடுங்கள், விழும்வரை காத்திருக்காதீர்கள். வருகிற பதநீரில் முடிந்த மட்டும் பச்சையாகவே விற்கப் பாருங்கள், காலை பத்து மணிக்குள் திருச்செந்தூர் ரோட்டில் நுங்கோடு சேர்த்து நின்றால் போகும், லிட்டருக்குக் கருப்பட்டியைவிட அதிகமாகவே கிடைக்கும், விறகும் மிச்சம். விற்காமல் மிஞ்சியதை மட்டும் அடுப்பில் ஏற்றுங்கள். அந்த அடுப்பில் உங்கள் மனைவியோ அம்மாவோ உட்காரப்போகிறார்கள் என்றால் அவர்களிடம் முதலில் கேளுங்கள், கூலியும் கணக்கில் எழுதுங்கள். அல்லது நீங்களே மதியம்வரை துடுப்புப் பிடித்துப் பாருங்கள், நான் பிடித்திருக்கிறேன், மூன்றாம் நாள் கை தூக்க முடியவில்லை.

அரிவாள் கேட்டிருந்தீர்கள். ஆன்லைனில் வாங்காதீர்கள், அது தேங்காய் வெட்டத்தான் ஆகும். சாத்தான்குளம் பக்கம் இன்னும் இரண்டு மூன்று கொல்லுப்பட்டறை இருக்கிறது, பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துத் தருவார்கள். உங்கள் கைக்கு எடை சரியா என்று தூக்கிப் பார்த்துச் சொல்லுங்கள், பாளை சீவுவதற்கு என்று மறக்காமல் சொல்லுங்கள். மார்கழிக்குள் சொல்லிவிட வேண்டும், தை பிறந்துவிட்டால் அவர் கையில் வேலை குவிந்துவிடும்.